பிக்கப்பின் சைலன்சரை மாற்றினால் என்ன கிடைக்கும்?

ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் தன் ஃபோர்ட் எஃப்-150 பிக்கப்பை ஸ்டார்ட் செய்து வீடியோ அனுப்பினால், யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு அடுத்த கிழமையே கராஜுக்குப் போக மனம் வந்துவிடும். "அண்ணை, ஹைலக்ஸுக்கு ஒரு சைலன்சர் மாத்தினா உப்பிடிச் சத்தம் வருமோ? பவரும் கூடுமோ?" கொக்குவிலில் இருந்து கொடிகாமம் வரை எந்தக் கராஜிலும் இந்தக் கேள்விகள் காதில் விழும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் கையில் இருந்த வண்டியையே திருத்தி, மெருகேற்றி வைத்துக்கொள்ளும் பழக்கம் எல்லோருக்கும் ஊறிப்போய்விட்டது. ஆகவே இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்கான பதில் வேண்டும்.

சத்தமும் சக்தியும் ஒரே குழாய்த் தொடரோடு சம்பந்தப்பட்டவை. ஆனால் அந்தத் தொடரில் சத்தம் தீர்மானமாகும் இடம் வேறு, இழுவை தீர்மானமாகும் இடம் வேறு. சத்தத்தின் பெரும்பகுதி பின்னால் தொங்கும் சைலன்சர் பெட்டியில் இருக்கிறது. இழுவை, அது கிடைக்கக்கூடிய வண்டிகளில், டர்போவை (வெளியேறும் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் உறுப்பை) ஒட்டிய முதல் இரண்டு அடியில் இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் செலவு செய்ததால்தான் எத்தனையோ பிக்கப்கள் புதுச் சத்தத்தோடும் பழைய இழுவையோடும் ஓடித் திரிகின்றன.

முதலில் சத்தம். ஒவ்வொரு சிலிண்டரும் எரிந்த வாயுவை வெளியே தள்ளும்போது குழாய்க்குள் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. அப்படி ஒரு செக்கனுக்கு எத்தனை அலைகள் வருகின்றன, என்ன இடைவெளி விட்டு வருகின்றன என்பதில்தான் வண்டியின் குரல் இருக்கிறது. வயலில் உழும் லான்ட்மாஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒற்றைச் சிலிண்டர். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடினால் செக்கனுக்குப் பன்னிரண்டரை வெடிப்பு. ஒவ்வொன்றும் காதுக்குத் தனித்தனியாகக் கேட்கிறது. பட்டா என்று நாம் கூப்பிடும் டாட்டா ஏஸ், முதலில் வந்தபோது 702 சிசி அளவுள்ள இரண்டு சிலிண்டர் டீசலோடு வந்தது. அதே சுற்றில் அது செக்கனுக்கு 25 தடவை வெடிக்கும். ஹைலக்ஸ், எல்-200, நவாரா, டி-மேக்ஸ் என்று இங்கே ஓடும் பிக்கப்களில் பெரும்பாலானவை நாலு சிலிண்டர் டீசல்கள். அவற்றில் 50. வெடிப்புகள் இவ்வளவு நெருங்கி, சரிசமமான இடைவெளியில் வரும்போது காது அவற்றைப் பிரித்தறியாது. ஒரே ரீங்காரமாகவே கேட்கும்.

அமெரிக்க வி-8 எஞ்சினில் எட்டுச் சிலிண்டர். எண்ணிக்கை கூடியதால் மட்டும் அந்த உறுமல் வருவதில்லை. இரண்டு வரிசையாக, வரிசைக்கு நாலு சிலிண்டர் நிற்கிறது. மொத்தமாகப் பார்த்தால் வெடிப்புகள் சம இடைவெளியில் நடக்கின்றன. ஒரு வரிசையை மட்டும் தனியாகப் பார்த்தால் இடைவெளி 90 பாகை, 180, 270, பிறகு 180 என்று தாளம் மாறி மாறி வரும். ஒவ்வொரு வரிசைக்கும் தனித் தனிக் குழாய் இருப்பதால் அந்த மாறும் தாளம் அப்படியே வெளியே வருகிறது. நாம் ரசிக்கும் குமுறல் அதுதான். நாலு சிலிண்டர் எஞ்சினில் 180 பாகைக்கு ஒரு வெடிப்பு என்ற ஒழுங்கு மாறவே மாறாது. எந்த நாட்டு சைலன்சரை வாங்கிப் பூட்டினாலும் அதற்குள் இல்லாத தாளத்தை அது உண்டாக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஃப்-150 எல்லாமே வி-8 இல்லை. 3.5 லீற்றர் வி-6 டர்போவோடும் விற்கிறார்கள். அவற்றில் சிலவற்றில் எஞ்சின் சத்தத்தை உள்ளே ஸ்பீக்கர் வழியாகவும் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வீடியோவில் கேட்பதை வைத்து இங்கே செலவைத் தீர்மானிப்பது சரியில்லை என்பதற்கு அது ஒன்றே போதும்.

டீசலுக்குச் சொந்தமாக வேறொரு சத்தமும் இருக்கிறது. முன்னால் பொனட்டுக்குள் இருந்து வரும் கடகடப்பு. பீச்சிய எரிபொருள் சற்றுத் தாமதித்து, ஒரேயடியாகப் பற்றிக்கொள்வதால் சிலிண்டர் அழுத்தம் திடீரென்று ஏறி, இரும்பே அதிர்ந்து வரும் ஒலி அது. புகைக்குழாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. டொயோட்டாவின் பழைய 2எல், 3எல், 5எல் எஞ்சின்களில் அது கூடுதலாகக் கேட்கும். பின்னால் வந்த, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் கொமன் ரெயில் எஞ்சின்கள் எரிபொருளை முதலில் கொஞ்சமாகவும் பிறகு மீதியாகவும் பீச்சுவதால் அடங்கிக் கேட்கும். பின் பெட்டியைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டால் இந்தக் கடகடப்பு போகாது. அதோடு ஒரு கரகரப்பும் சேர்ந்துகொள்ளும். பலரும் அப்போதுதான் "லொறிச் சத்தம் மாதிரி இருக்கு" என்று முகம் சுளிக்கிறார்கள்.

டர்போ இருக்கும் வண்டியில் கதை கொஞ்சம் வேறு. வெளியேறும் வாயுவின் சக்தியைப் பிடித்துத்தான் டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே சுழல்கிறது. வாயுவோடு வரும் அழுத்த அலைகளும் அந்தச் சக்கரத்தில் மோதி உடைந்துபோகின்றன. ஆகவே டர்போ டீசலில் சைலன்சரைக் கொஞ்சம் திறந்தாலும் காதைப் பிளக்காது. கூடவே அந்த மெல்லிய விசிலும் கேட்கத் தொடங்கும். நாலு சிலிண்டர் டீசலில் கிடைக்கக்கூடிய அழகான சத்தம் என்று நான் நினைப்பது அதைத்தான்: கீழே ஓர் அடங்கிய ரீங்காரம், மேலே டர்போவின் விசில். அதற்கு மேல் தேடிப் போனால் வெறும் இரைச்சல்தான் கிடைக்கும்.

அந்த அடங்கிய ரீங்காரத்தை எப்படி எடுப்பது? சைலன்சர் பெட்டிகளில் பொதுவாக இரண்டு வகை. ஒன்றில் உள்ளே தடுப்பும் அறைகளுமாக இருக்கும். அலை போய் முட்டித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு மோதித் தணியும். மற்றதில் ஓட்டைகள் போட்ட நேர்க்குழாய் ஒன்று நடுவில் போகும். சுற்றிவரக் கண்ணாடிப் பஞ்சு நிரப்பியிருக்கும். வாயு தடையில்லாமல் நேரே போகும், உயர்ந்த சுருதிகளைப் பஞ்சு வாங்கிக்கொள்ளும். கடைகளில் பளபளவென்று தொங்குபவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. டீசலுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கரிப்புகை பஞ்சுக்குள் படிந்து படிந்து நாளடைவில் அது கட்டியாகிவிடும். பூட்டிய புதிதில் இனிமையாக இருந்த சத்தம் போகப் போகக் கரகரக்கும். நல்ல அளவுள்ள, அறைகள் கொண்ட பெட்டியை வைத்து, குழாயை மட்டும் ஓரளவு பெரிதாக்குவதே டீசல் பிக்கப்புக்கு நீடித்த வழி.

கபினுக்குள் கேட்கும் 'ம்ம்ம்' என்ற முழக்கம் வேறொரு தொல்லை. பெரிய குழாய் போட்டவர்கள் ஏ-9 வீதியில் ஏறியதும் இதை உணர்வார்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் 2,000 சுற்றில் ஓடும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 67 அலைகள். அந்தச் சுருதி கபினின் உள்வெளியோடு ஒத்துப்போனால் கிளிநொச்சி போவதற்குள் தலை இடிக்கும். இதை அடக்க, பிரதான குழாயில் இருந்து முனை மூடிய கிளைக்குழாய் ஒன்றை விடுவார்கள். அதன் நீளம் அந்த ஒலியலையின் கால் பங்காக இருந்தால், உள்ளே போய்த் திரும்பும் அலை அந்தச் சுருதியை அழித்துவிடும். சூடான வாயுவில் ஒலி வெளிக்காற்றில் போவதைவிட வேகமாகப் போகும். 300 பாகைச் சூட்டில் செக்கனுக்கு ஏறத்தாழ 480 மீற்றர். கணக்குப் பார்த்தால் கிளைக்குழாய் ஒன்றரை மீற்றருக்கு மேலே வரும். பிக்கப்பின் அடியில் இடம் தாராளமாக இருப்பதால் செய்யலாம். ஆனால் முழக்கம் எந்தச் சுற்றில் வருகிறது என்று ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்க் கொடுத்தால்தான் அளவு சரியாக வரும்.

வெளியில் நிற்பவர்களின் காதையும் யோசிக்க வேண்டும். நம் ஒழுங்கைகள் ஒடுங்கியவை. முன்பு இரண்டு பக்கமும் கிடுகு வேலி இருந்தது. ஓலை சத்தத்தை வாங்கிக்கொள்ளும். இப்போது ஆறடிச் சீமெந்து மதில்கள். மதிலுக்கு மதில் சத்தம் தெறித்துக்கொண்டே போகிறது. வெளி வீதியில் சாதாரணமாகத் தெரியும் வண்டி ஒழுங்கைக்குள் வந்ததும் பெரிதாய்க் கேட்பது இதனால்தான். இந்த ஊரில் ஷெல் விழுந்த சத்தத்தோடு வாழ்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதிகாலையில் ஒரு பின்வெடிப்புக் கேட்டால் கட்டிலை விட்டு எழுந்து நிற்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். வண்டி ஆசை உள்ள எவரும் இதை மனதில் வைக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். பரீட்சைக் காலம், ஆஸ்பத்திரி வீதி என்று மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

சரி, இழுவைக்கு வருவோம். டீசல் எஞ்சினின் அடிப்படை ஒன்றை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெற்றோல் எஞ்சினில் நாம் மிதிப்பது காற்றின் வழியைத் திறக்கும், காற்றுக்கு ஏற்ப எரிபொருள் சேரும். டீசலில் அப்படி இல்லை. தேவைக்கு மேலேயே காற்று உள்ளே இருக்கும். எவ்வளவு டீசல் பீச்சுகிறோமோ அதற்குத்தான் சக்தி. ஆகவே வெளியேறும் வழியை மட்டும் அகலமாக்கி, பீச்சும் டீசலின் அளவு அப்படியே இருந்தால், கிடைக்கும் லாபம் சின்னது. வாயுவை வெளியே தள்ள எஞ்சின் செலவழித்த உழைப்பில் கொஞ்சம் மிச்சமாகும். அவ்வளவுதான்.

அந்த மிச்சம் எவ்வளவு என்பது பழைய குழாய் எவ்வளவு ஒடுக்கம் என்பதைப் பொறுத்தது. டர்போ இல்லாத 3 லீற்றர் டீசலை, உதாரணமாக 5எல் எஞ்சினை, 3,600 சுற்றில் ஓடவிட்டால் செக்கனுக்குச் சுமார் 80 லீற்றர் காற்றை இழுக்கும். எரிந்து 400 பாகைச் சூட்டில் வெளியே வரும்போது அது இரட்டிப்பையும் தாண்டி விரிந்துவிடும். இரண்டு அங்குலக் குழாய்க்குள் அந்த வாயு மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டும். இரண்டரை அங்குலம் என்றால் 200 கி.மீ. போதும். தடை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் அரை அங்குல வித்தியாசத்தில் தடை பாதிக்கும் கீழே போய்விடும். மூன்று அங்குலத்துக்குப் போனால் இன்னும் குறையும். ஆனால் ஏற்கெனவே சின்னதாகிவிட்ட ஒன்றை மேலும் சின்னதாக்குவதில் கைக்கு வருவது சொற்பம். பாரமும் சத்தமும்தான் கூடும். டர்போ இல்லாத டீசலுக்கு இரண்டேகால் அல்லது இரண்டரை அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டர்போ இருந்தால் மூன்று அங்குலத்துக்கு நியாயம் உண்டு. காரணம் இதுதான். டர்போவின் சக்கரம், தனக்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தில்தான் சுழல்கிறது. அந்த விகிதம் இரண்டு என்று வையுங்கள். டர்போவுக்குப் பின்னால் அழுத்தத்தை 0.1 பார் குறைத்தால், அதே வேலைக்கு முன்னால் 0.2 பார் குறைவாக இருந்தாலே போதும். எஞ்சின் அந்த அழுத்தத்தை எதிர்த்துத்தான் வாயுவைத் தள்ளுகிறது. எனவே சின்னக் குறைப்பும் பெருகிப் பலன் தரும். டர்போ சீக்கிரம் எழும்பும், வாயுவின் சூடும் குறையும். டர்போவில் இருந்து கீழே இறங்கும் அந்த முதல் குழாய் பல வண்டிகளில் இடம் பார்த்து நசுக்கி வளைத்ததாக இருக்கும். அதை மாற்றாமல் பின்னால் மட்டும் மூன்று அங்குலக் குழாயும் பளபளப்பு முனையும் போட்டவர் சத்தத்தை வாங்கினார், இழுவையை வாங்கவில்லை.

டொயோட்டாவின் 1கேடி போன்ற கொமன் ரெயில் எஞ்சின்களில் இன்னுமொரு விசயம். அவற்றின் டர்போவில் அசையும் இதழ்கள் உண்டு. எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கம்ப்யூட்டர் தீர்மானித்து இதழ்களைத் திறந்து மூடும். குழாயைத் திறந்துவிட்டால் டர்போ வேகமாக எழும்பப் பார்க்கும், கம்ப்யூட்டரோ தன் இலக்கோடு இதழ்களைச் சரிசெய்து நிறுத்திவிடும். ஆகவே உச்சச் சக்தி பெரிதாக மாறாது. மிதித்தவுடன் வண்டி எழும்பும் சுறுசுறுப்பில்தான் வித்தியாசம் தெரியும். உச்சச் சக்தி வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் புரோகிராமையும் மாற்ற வேண்டும். அங்கிருந்து கிளட்ச், கியர்பொக்ஸ் என்று செலவு தொடரும்.

டீசலைப் பம்ப் அளந்து பீச்சும் பழைய எஞ்சின்களுக்கு நம் ஊரில் மலிவான குறுக்குவழி ஒன்று உண்டு: பம்பில் டீசலைக் கூட்டிவிடுவது. இழுவை கூடியது உண்மையாகவே தெரியும். பின்னால் கறுப்பாகப் புகை வந்தால் அது அரைகுறையாக எரிந்த டீசல், வாங்கிய காசு காற்றில் போகிறது. கூட்டிய டீசல் வாயுவின் சூட்டையும் ஏற்றும். பிஸ்டன் அலுமினியக் கலவை. தூய அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். எண்ணெயும் தண்ணீரும் அதைக் குளிர்வித்துக் காக்கின்றன, ஆனால் பாரத்தோடு தம்புள்ளை வரை வெங்காயம் ஏற்றி ஓடும் வண்டியில் அந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. டீசல் புகையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் முதற்பிரிவில் சேர்த்துவிட்டது. பின்னால் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றி வருபவர் அதைத்தான் மூச்சில் இழுக்கிறார்.

"கொஞ்சம் பின்னழுத்தம் இருந்தால்தான் எஞ்சின் இழுக்கும்" என்று ஒரு பேச்சு கராஜ்களில் நெடுநாளாக உண்டு. பின்னழுத்தம் என்பது வெளியேறும் வாயுவை எதிர்த்து நிற்கும் அழுத்தம். எந்த எஞ்சினுக்கும் அது தேவையில்லை. டர்போ இல்லாத பெற்றோல் எஞ்சினில், குழாய் அளவுக்கு மீறிப் பெருத்தால் வாயுவின் வேகம் குறைந்து, ஒரு சிலிண்டரின் வாயு அடுத்ததன் வாயுவைப் பின்னால் இழுத்துச் செல்லும் உதவி போய்விடும். கீழ்ச் சுற்றில் இழுவை குறைவதைப் பார்த்தவர்கள் அதற்குப் பின்னழுத்தத்தைக் காரணம் சொன்னார்கள். டர்போ டீசலில் டர்போவுக்குப் பின்னால் தடை குறையக் குறைய நல்லதுதான்.

ஆனால் இதையெல்லாம் தொடுவதற்கு முன், வண்டியில் இருக்கும் குழாய் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதே பலருக்கும் பெரிய திருத்தமாக அமையும். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடினால் ஆவியாக வெளியே போய்விடும். திருநெல்வேலிச் சந்தைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் சூடாகும் முன்பே நிறுத்திவிடுகிறோம். தண்ணீர் உள்ளே தங்கி, டீசலின் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி, பெட்டியை உள்ளிருந்து தின்னும். வெளியில் இருந்து கடற்காற்றின் உப்பு தின்னும். பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்கு ஓடும் வண்டிகளுக்கும், பருத்தித்துறை, குருநகர்ப் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளுக்கும் இது இரட்டை அடி. உள் தடுப்புக் கழன்று வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் சைலன்சரை மாற்றினால் இழுவை திரும்பி வருவது நிச்சயம். அது புது சைலன்சரின் மாயம் இல்லை, வண்டிக்கு முன்பே இருந்த இழுவைதான் திரும்பியிருக்கிறது.

ஆகவே என்ன உலோகம் என்று கேளுங்கள். சாதா இரும்புக் குழாய் மலிவு, இந்த உப்புக்கு நெடுநாள் நிற்காது. கம்பனிகள் அதிகம் பாவிப்பது 409 ரக ஸ்டெயின்லெஸ். அதில் குரோமியம் சுமார் 11 சதவீதம். மேலே கறள் நிறம் பிடிக்கும், ஓட்டை விழ நெடுங்காலம் எடுக்கும். 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். கடலோர ஊருக்கு அதுவே நல்லது. ஆனால் ஸ்டெயின்லெஸ் என்று சொல்லிக் கைப்பிடிக் கம்பிக்குப் போடும் மெல்லிய குழாயைப் பூட்டி அனுப்புவதும் நடக்கிறது. சுவரின் தடிப்பைக் கேட்டு, காந்தம் வைத்துப் பாருங்கள். 409 காந்தத்தில் ஒட்டும், 304 அனேகமாக ஒட்டாது.

யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் கைவேலையில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்துகொண்டு, கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஏ-40 காரையும் மொரிஸ் மைனரையும் ஓட வைத்த ஊர் இது. குழாய் வேலையில் கவனிக்க வேண்டியது வளைவுதான். வெறுமனே அமுக்கி வளைத்தால் வளைவில் குழாய் சப்பையாகி, மூன்று அங்குலம் வாங்கிய இடத்தில் இரண்டரைக்கும் குறைவாக முடியும். மணலை இறுக்கி நிரப்பிச் சூடாக்கி வளைக்கலாம். அல்லது ஆயத்த வளைவுகளை வெட்டி ஒட்டலாம். வெல்டிங் உள்ளே பொங்கி நிற்காமல் தேய்த்திருக்க வேண்டும். எஞ்சின் அசையும், சேசிஸ் அசையாது. இடையில் நெளியும் குழாய் வைக்காவிட்டால் சிலிண்டர்களின் வாயுவை ஒன்றுசேர்க்கும் மனிபோல்ட் பக்கம் வெடிப்பு விழும்.

குழாய்த் தொடரில் புகையைச் சுத்தமாக்கும் பெட்டியான கட்டலிஸ்ட்டைக் கழற்றினால் அதை என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். அதற்குள் பிளாட்டினமும் பலேடியமும் இருக்கின்றன, அதற்குச் சந்தை உண்டு. "சும்மா கழட்டித் தாறன்" என்பதில் யாருக்கு லாபம் என்று யோசித்தாலே போதும். வண்டியில் இருந்தால் அதை விட்டுவைப்பதே என் ஆலோசனை. வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை வேண்டும், அது 2008இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. டீசல் வண்டியை அங்கே முழுக்க மிதித்து, வரும் புகையின் அடர்த்தியைப் பார்க்கிறார்கள். பம்பைக் கூட்டிய வண்டி அங்கேயே பிடிபடும். சத்தத்துக்கு வீதியில் பொலிஸ் மறிக்கும். புதிய டீசல்களில் உள்ள கரி வடிகட்டி தன் கரியை ஏறத்தாழ 600 பாகைச் சூட்டில் தானே எரித்துக்கொள்ளும், அதற்கு நெடுஞ்சாலை ஓட்டம் தேவை. ஊருக்குள்ளேயே ஓடி அது அடைத்துக்கொண்டால், வெட்டி எறிவதற்கு முன் ஒருமுறை வவுனியா வரை ஓடிப் பாருங்கள். அந்தச் சூட்டோடு காய்ந்த வைக்கோலுக்கு மேலே மட்டும் நிறுத்த வேண்டாம்.

குழாயின் முனை எங்கே திறக்கிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கபினுக்குப் பின்னால் பக்கவாட்டில் திறந்துவிட்டால் குழாய் நீளம் மிச்சம், சத்தமும் கூடும். ஆனால் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் பிக்கப்பின் பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஊர் இது. ஓடும் வண்டியின் பின்புறம் காற்று சுழன்று உள்ளே திரும்பும். மேலே கூடு போட்ட வண்டியில் புகை அப்படியே உள்ளே தேங்கும். முனை பின் பம்பரைத் தாண்டியே முடிய வேண்டும். டீசல் தாங்கி, பிரேக் குழாய், மேலதிகச் சில்லு ஆகியவற்றுக்குக் கிட்டப் போகும் இடத்தில் வெப்பத் தகடு வேண்டும்.

பூட்டி முடிந்ததும் வண்டியை ஆனையிறவு வரை ஒருமுறை ஓட்டி, திரும்பி வந்து, நன்றாக ஆறவிட்டு அடியில் படுத்துப் பாருங்கள். மூட்டுகளில் கறுப்புக் கரித் தடம் இருந்தால் அங்கே கசிவு. போல்ட்களைத் திரும்ப இறுக்க வேண்டும், முதல் சூட்டில் அவை இளகியிருக்கும். தொங்கும் ரப்பர்கள் இழுபட்டு நிற்கின்றனவா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். பிறகு பின்னால் நாலைந்து மூட்டை ஏற்றி, ஸ்பிரிங் இறங்கிய நிலையிலும் குழாய் அச்சில் முட்டாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் வண்டியில் சரியாக இருந்த இடைவெளி பாரம் ஏறியதும் காணாமல் போவதுண்டு.